புரூக்ளின் பள்ளிக்கூடத்தில் கடைசி வாரம்

நியூயார்க் நகரத்துக்குப் போகிறவர்கள் சுதந்திர தேவியின் சிலையைப் பார்க்கிறார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்று, கீழே எறும்பு போல் ஊரும் மோட்டார் வண்டிகளைப் பார்க்கிறார்கள். பிறகு ஊர் திரும்பி, பார்க்காத பேர்களுக்கு அவற்றை வர்ணிக்கிறார்கள். கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் அந்நகரம் பாதி மனப்பாடமாகிவிட்டது. ஆகையால் அவற்றை விட்டுவிட்டு, ஜூன் மாதத்தில் புரூக்ளின் பகுதியில் யூதக் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் கண்டவற்றை மட்டும் சொல்லுகிறேன். உபாத்தியாயர் தொழிலில் இருப்பவனுக்கு எந்தத் தேசத்துக்குப் போனாலும் பள்ளிக்கூட வாசலில் கால் நின்றுவிடும். அது தொழிலோடு வந்த வியாதி.

மன்ஹாட்டனில் 'க்யூ' என்ற எழுத்துப் போட்ட ரயிலில் ஏறி உட்கார்ந்தால், அது முதலில் பூமிக்கடியில் ஓடுகிறது. பிறகு திடீரென்று வெளிச்சத்துக்கு வந்து, கிழக்கு நதியின் மேலுள்ள பாலத்தின் வழியாகப் புரூக்ளினுக்குள் நுழைகிறது. அவென்யூ ஜே என்னும் நிலையத்தில் இறங்கி வீதிக்கு வந்தால் வேறு ஊருக்கு வந்துவிட்டாற்போல் தோன்றும். வான் முட்டும் மாளிகைகள் இங்கே இல்லை. மரங்கள் அடர்ந்த தெருக்கள், சிறு தோட்டத்துடன் கூடிய வீடுகள், ரொட்டிக் கடைகள். கடைப் பலகைகளில் இங்கிலீஷுக்குப் பக்கத்தில் ஹீப்ரு எழுத்துக்களையும் காணலாம். வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் யூதர்களுடைய கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தோன்றும் வரையில் அங்கே வியாபாரம் கிடையாது. பணமே பிரதானம் என்று பெயர் வாங்கிய நகரத்தில், வாரத்தில் நல்ல வியாபாரம் ஆகக்கூடிய ஒரு நாளை இப்படி விட்டுக் கொடுப்பதென்றால் அது லேசான காரியமல்ல.

பள்ளி வாசலில் காவல் பலமாக இருந்தது. பெயர், விலாசம், யாரைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விசாரித்த பிறகே உள்ளே விட்டார்கள். குழந்தைகள் படிக்கும் இடத்துக்கு இவ்வளவு காவல் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. 2018-ஆம் வருஷம் அக்டோபர் 27-ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரத்து யூதக் கோயில் ஒன்றில் வழிபாட்டு வேளையில் ஒருவன் துப்பாக்கியுடன் புகுந்து பதினொரு பேரைச் சுட்டுக் கொன்றது ஞாபகம் வந்ததும் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்தப் பள்ளிகளுக்கு அமெரிக்காவில் 'பகல் பள்ளிகள்' என்று பெயர். சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் மத பாடம் கற்கும் வழக்கமும் அங்கே உண்டு. அதனின்று வேறுபடுத்தவே இந்தப் பெயர். இங்கே பொழுதில் ஏறக்குறையப் பாதி வேதம், ஹீப்ரு பாஷை, தர்ம சாஸ்திரம். மறு பாதி கணிதம், விஞ்ஞானம், இங்கிலீஷ், சரித்திரம். 1880-க்குப் பிறகு ருஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய யூதர்களில் பெரும்பாலோர் தங்கள் குழந்தைகளை இலவச சர்க்கார் பள்ளிகளுக்கே அனுப்பினார்கள். பிள்ளை சீக்கிரம் அமெரிக்கனாக வேண்டுமே என்பதுதான் அவர்களுடைய கவலை. 1886-இல் நியூயார்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில் 'எட்ஸ் ஹயீம்' என்ற பள்ளியைச் சிலர் ஆரம்பித்தது எதிர்நீச்சலாகத்தான் இருந்தது. 1927-இல் பிளாட்புஷ் பள்ளியும், 1937-இல் ராமாஸ் பள்ளியும் தோன்றின. பிளாட்புஷ் பள்ளி ஹீப்ருவை ஹீப்ருவிலேயே போதிப்பது என்ற முறையைக் கைக்கொண்டது. பல நூற்றாண்டுகளாக யாரும் வீட்டில் பேசாமல், வழிபாட்டிலும் ஏட்டிலும் மாத்திரம் வாழ்ந்துவந்த பாஷை அது. அதைப் புரூக்ளின் குழந்தைகள் விளையாட்டு மைதானத்தில் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். சொந்தத் தாய்மொழியில் விஞ்ஞானம் போதிக்க முடியுமா என்று நெடுங்காலம் சந்தேகித்துக் கொண்டிருந்த நம்மவர்களுக்கு இது புதிதல்ல.

ஹிட்லரின் கொடுமையால் ஐரோப்பாவின் கல்வி ஸ்தலங்கள் அழிந்த பிறகுதான் அமெரிக்காவில் இந்தப் பள்ளிகள் வேகமாகப் பெருகின. 2013-14-இல் எடுத்த கணக்குப்படி அங்கே 860-க்கு மேற்பட்ட பள்ளிகளில் சுமார் இரண்டரை லட்சம் மாணவர்கள் படித்தார்கள். இதற்குப் பெற்றோர் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல. நியூயார்க் பகுதியில் ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு இருபதினாயிரம் டாலருக்கு மேல் சம்பளம் வாங்கும் பள்ளிகள் பல. வீட்டில் மூன்று குழந்தைகள் இருந்தால் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம். எல்லோரும் இதைச் சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளப் பேச்சை எடுத்தவுடன் என்னை அழைத்துச் சென்ற குடும்பஸ்தர் பெருமூச்சு விட்டதை நானே கேட்டேன். குழந்தைகளுக்கும் பொழுது நீளம். இரண்டு பள்ளிக்கூடங்களின் பாடத்தை ஒரே முதுகில் சுமக்கிறார்கள்.

பிளாட்புஷ் பள்ளியைப் பற்றிப் பேசும்போது எரிக் காண்டெல் என்ற விஞ்ஞானியைச் சொல்லாமல் விட முடியாது. வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி, 1939-இல் ஒன்பது வயதுச் சிறுவனாகப் புரூக்ளினுக்கு வந்து சேர்ந்தவர். அந்தக் கோடையில் அவருடைய பாட்டனார் உட்கார்த்தி வைத்து ஹீப்ரு சொல்லிக் கொடுத்தார். அதன் பலனாகத்தான் அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. 1944-இல் அங்கே படிப்பை முடித்தார். 2000-ஆம் வருஷத்தில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எதற்கு என்றால், மூளை விஷயங்களை எப்படி ஞாபகம் வைத்துக் கொள்கிறது என்பதைக் கண்டு சொன்னதற்காக.

நான் போனது ஆண்டுப் படிப்பு முடியும் வாரம். நம் ஊர்ப் பள்ளிகளில் அந்த வாரம் எப்படியிருக்கும் என்பது நேயர்களுக்குத் தெரியும். ஒரு பரிசளிப்பு விழா, ஒரு நாடகம், தலைமை வகிக்கும் கனவானின் நீண்ட பிரசங்கம், கடைசியில் வந்தனோபசாரம். அங்கே அப்படி ஒரே நாளில் காரியம் முடிவதில்லை. யூதர்களுடைய மாதங்கள் சந்திரனைப் பின்பற்றுகின்றன. நம்முடைய அதிக மாதத்தைப் போல, பத்தொன்பது வருஷத்தில் ஏழு தடவை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சூரியனோடு சமன் செய்து கொள்கிறார்கள். இந்தப் பஞ்சாங்கப்படி பாஸ்கா பண்டிகையிலிருந்து ஏழு வாரங்களை நாள் நாளாக எண்ணி, ஐம்பதாவது நாளில் 'ஷாவுவோத்' என்னும் பண்டிகையைக் கொண்டாடுகிறார்கள். ஸினாய் மலையில் வேதம் அருளப்பட்ட நாள் அது. கிறிஸ்தவர்களின் பெந்தெகொஸ்தே இதிலிருந்து கிளைத்ததுதான். பள்ளிக்கூடத்து ஆண்டு முடிவும் இந்தக் காலத்தை ஒட்டியே வருவதால், படிப்பு முடிவதும் வேதம் கிடைத்ததும் குழந்தைகளின் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

எண்ணுகிற நாட்களில் முப்பத்து மூன்றாவது நாள் குழந்தைகளுடைய நாள். அந்த வாரங்கள் துக்கம் காக்கும் காலம், கலியாணம் கிடையாது, க்ஷவரம்கூடச் செய்துகொள்வதில்லை. ரப்பி அகீபாவின் சீடர்கள் இருபத்து நாலாயிரம் பேர் கொள்ளை நோயில் மாண்ட காலம் என்பது ஐதிகம். முப்பத்து மூன்றாவது நாளில் மரணம் நின்றதாம். அதனால் அன்றைக்குப் பாடம் குறைந்து பந்தயங்களும், வெளியூர் உலாவும், சில இடங்களில் சொக்கப்பனை போன்ற நெருப்பும் உண்டு. ஐரோப்பாவின் பழைய திண்ணைப் பள்ளிகளில் உபாத்தியாயர்கள் அன்று பிள்ளைகளை வில்லும் அம்புமாகக் காட்டுக்கு அழைத்துப் போவார்களாம். வருஷம் முழுவதும் பிரம்போடு நிற்கிறவர் ஒரு நாள் வில்லைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது விவேகமான ஏற்பாடுதான்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, பல பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் ஐந்தாவது அவென்யூவில் இஸ்ரேல் கொடியோடு ஊர்வலம் போகிறார்கள். அந்தக் கொடியைப் பற்றி உலகத்தில் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. 1938 நவம்பரில் காந்தியடிகள் 'ஹரிஜன்' பத்திரிகையில் யூதர்களின் துன்பத்துக்காக மனம் உருகி எழுதியபோதே, பாலஸ்தீனத்தில் அவர்கள் கோரியதை ஒப்புக்கொள்ளவில்லை. அராபியக் குடும்பங்களும் இழந்த வீடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஊர்வலத்தில் தாரை ஊதிச் செல்லும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. ஆனால் என்றைக்காவது ஒரு உபாத்தியாயர் அவளுக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் முக்கியமாகப் பார்க்க விரும்பியது முதல் வகுப்புக் குழந்தைகளின் வைபவம். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் 'ஸித்தூர்' என்னும் வழிபாட்டுப் புஸ்தகத்தை ஆளுக்கு ஒன்று கொடுக்கிறார்கள். சில பள்ளிகளில் இது குளிர்காலத்தில் நடக்கும். இங்கே வருஷக் கடைசியில். மேடையில் காகிதக் கிரீடம் சூடிய குழந்தைகள் வரிசையாக நின்று ஹீப்ருவில் பாடினார்கள். ஒரு பையனுடைய கிரீடம் மூக்கு வரை இறங்கிவிட்டது; அவன் அதைப் பொருட்படுத்தாமல் பாடிக்கொண்டே இருந்தான். பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துப் புஸ்தகத்தைக் கொடுத்தார்கள். அதன் உறையை அந்தந்தக் குழந்தையின் தாய் தகப்பன்மார் முன்னதாகவே ரகசியமாக வரைந்தும் தைத்தும் வைத்திருந்தார்கள். தன் பெயர் எழுதிய உறையைக் கண்டதும் ஒரு சிறுமி சபையை மறந்து, "அம்மா!" என்று கூவிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், தாயார் மட்டும் சிரிக்கவில்லை, கைக்குட்டையைத் தேடினாள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த தகப்பனார், "எனக்கு இந்த எழுத்துக்கள் சரியாகத் தெரியாது. நான் சர்க்கார் பள்ளியில் படித்தவன். இனிமேல் இவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்" என்று மெதுவாகச் சொன்னார்.

புஸ்தகம் கை தவறி விழுந்தால் குழந்தைகள் அதை எடுத்து முத்தமிடுகிறார்கள். நாம் கால் பட்டுவிட்டால் கண்ணில் ஒற்றிக் கொள்கிறோம் அல்லவா, அதுபோல.

பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் வாழ்ந்த யூதர்கள் பிள்ளையைப் பள்ளிக்கு வைத்த நாள் இந்த ஷாவுவோத் பண்டிகைதான். வோர்ம்ஸ் நகரத்து எலியேஸர் என்ற பண்டிதர் அந்த வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். குழந்தையைப் போர்வையில் மூடி, வழியில் கண்ணில் எதுவும் படாதபடி ஆசிரியரிடம் தூக்கிப் போவார்கள். ஆசிரியர் மடியில் உட்கார்த்தி, எழுத்துப் பலகையைக் காட்டி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவார். பிறகு அந்தப் பலகையின் மேல் தேனைத் தடவுவார். குழந்தை எழுத்துக்களை நாவால் நக்க வேண்டும். நெல்லில் விரல் பிடித்து எழுதுவித்த நம் பெரியோர்கள் இதைக் கேட்டிருந்தால் தலையசைத்து ஆமோதித்திருப்பார்கள்.

மேல் வகுப்புகளில் புஸ்தகம் கொடுப்பதில்லை. புஸ்தகத்தை முடித்ததற்காக விருந்து. இதற்கு 'ஸியூம்' என்று பெயர். தர்ம சாஸ்திரமான மிஷ்னாவில் அறுபத்து மூன்று பிரிவுகள் உண்டு. ஐந்தாம் வகுப்பார் அவற்றில் சிறிய பிரிவு ஒன்றை அந்த வருஷத்தில் பூர்த்தி செய்திருந்தார்கள். கடைசி வரியைப் பிள்ளைகளே படித்து அர்த்தம் சொன்னார்கள். படித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். பழைய காலத்தில் இந்த நூல்கள் பெரும்பாலும் ஆண்களுக்கே உரியவை. 1937-இல் ஜோசப் ஸோலவைச்சிக் என்ற பேரறிஞர் பாஸ்டனில் நிறுவிய மைமானிடீஸ் பள்ளியில் பெண்களுக்கும் தால்முத் போதித்தது அக்காலத்தில் பெரிய விஷயம். இப்போதும் இதை ஒப்புக்கொள்ளாத பள்ளிகள் புரூக்ளினிலேயே அநேகம்.

வரி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து 'ஹத்ரான்' என்பதைச் சொல்லுகிறார்கள். 'மீண்டும் வருவோம்' என்பது அதன் கருத்து. முடித்த நூலையே எதிரில் நிற்கும் ஒரு பெரியவராக எண்ணி விடைபெறுகிறார்கள். 'போகிறேன்' என்று சொல்லக் கூடாது, 'போய் வருகிறேன்' என்று சொல் என்று எத்தனை பாட்டிமார்கள் நம்மைத் திருத்தியிருக்கிறார்கள்! ஒரு புஸ்தகத்திடமும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்பது எனக்கு இத்தனை வருஷ உத்தியோகத்தில் தோன்றவில்லை.

பெரியவர்களும் இதே முறையில்தான் படிக்கிறார்கள். தினம் ஓர் ஏடாகத் தால்முத் முழுவதையும் உலகத்து யூதர்கள் ஒரே சமயத்தில் படிப்பதென்ற திட்டத்தை மேயர் ஷபீரோ என்ற ரப்பி 1923-இல் தொடங்கி வைத்தார். 2,711 ஏடுகள், முடிக்க ஏழரை வருஷம் ஆகும். 2020 ஜனவரி 1-ஆம் தேதி நியூஜெர்ஸியில் கால்பந்துப் பந்தயம் நடக்கும் மெட்லைப் மைதானத்தில், கடுங்குளிரில், ஏறக்குறையத் தொண்ணூறாயிரம் பேர் கூடிப் பூர்த்தி விழாக் கொண்டாடினார்கள். சில நாட்களுக்குள் முதல் நூலை மறுபடியும் எடுத்துவிட்டார்கள். அந்த நூல்களில் முதல் ஏடு என்பதே இல்லை. ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் ஏட்டில்தான் ஆரம்பமாகின்றன. அச்சிட்டவர்கள் தலைப்புப் பக்கத்தை ஒன்றாக எண்ணியதால் அப்படி ஆயிற்று என்பது சாதாரணக் காரணம். எவ்வளவு படித்தவனும் இன்னும் ஒன்றாம் ஏட்டையே எட்டவில்லை என்று கர்வம் அடங்கட்டும் என்பதற்காக என்று உபாத்தியாயர்கள் சொல்லுகிறார்கள். நானும் உபாத்தியாயர் கட்சியே.

எட்டாம் வகுப்பாரின் பட்டமளிப்பு விழா நம் கண்ணுக்குப் பழகியதுதான். அங்கியும் தொப்பியும், இங்கிலீஷில் ஒரு பிரசங்கம், ஹீப்ருவில் ஒரு பிரசங்கம், போட்டோ, கண்ணீர். அதை விவரிக்கத் தேவையில்லை.

மறுநாள் காலையில் மேஜைகளைக் காலி செய்யும் வேலை. உண்மையில் என்னைக் கட்டிப் போட்டது இதுதான். வகுப்பறை நடுவில் இரண்டு அட்டைப் பெட்டிகள். ஒன்று சாதாரணப் பழங்காகிதத்துக்கு. மற்றொன்றில் 'கெனிஸா' என்று எழுதியிருந்தது. கடவுளின் திருநாமமோ வேத வாக்கியமோ எழுதிய தாளை யூதர்கள் குப்பையில் போடுவதில்லை. சேர்த்து வைத்து, பிறகு மனிதர்களைப் புதைக்கும் மயானத்திலேயே மரியாதையாகப் புதைத்து விடுகிறார்கள். அதனால்தான் கரும்பலகையிலும் பயிற்சித் தாளிலும் நாமத்தை முழுமையாக எழுதாமல் ஒரே எழுத்தில் குறிப்பது வழக்கம். அப்படியும் வருஷக் கடைசியில் பெட்டி நிறைந்துவிடுகிறது. பரீட்சை முடிந்த அன்றைக்கே நோட்டுப் புஸ்தகங்களைக் கிழித்து வீதியில் பறக்கவிடும் வீரர்களையும், மிச்சம் மீதி கடலைப் பொட்டலமாகி என் கைக்கே திரும்பி வந்ததையும் நினைத்துக் கொண்டேன்.

இந்த வழக்கத்தால் உலகத்துக்குக் கிடைத்த லாபம் பெரிது. கெய்ரோவின் பழம்பகுதியான புஸ்தாத்தில் பென் எஸ்ரா கோயிலின் அறை ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக் காகிதங்களைப் போட்டு வைத்திருந்தார்கள், ஏனோ புதைக்கவில்லை. 1896-இல் கேம்பிரிட்ஜில் வாழ்ந்த ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்ஸன் என்ற இரட்டைச் சகோதரிகள் கீழை நாட்டிலிருந்து கொண்டு வந்த ஒரு கிழிந்த தாளை ஸாலமன் ஷெக்டர் என்ற பண்டிதரிடம் காட்டினார்கள். அவர் கெய்ரோவுக்கு ஓடினார். தூசியை விழுங்கிக்கொண்டு வேலை செய்து, ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் துண்டுகள் வரையில் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு வந்தார். அவற்றில் சாஸ்திரங்கள் மட்டுமல்ல, கணக்குச் சீட்டுகளும் கலியாணப் பத்திரங்களும் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நம் மேற்குக் கடற்கரையில் மங்களூர்ப் பக்கத்தில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யீஜு என்ற வியாபாரிக்கு ஏடன் துறைமுகத்திலிருந்து நண்பர்கள் எழுதிய கடிதங்கள்கூட இருந்தன. மிளகும் இரும்பும் இங்கிருந்து போயின. எழுதுவதற்குக் காகிதம் அங்கிருந்து வந்தது! எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகள் அரிச்சுவடி கற்ற தாள்களும் கிடைத்தன. பெரிதாக வரைந்து கொடுத்த எழுத்துக்களுக்குள் ஏதோ ஒரு குழந்தை வர்ணம் தீட்டியிருக்கிறது. ஆடிப் பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளையும் தீயில் இட்ட ஏடுகளையும் பற்றி உ. வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு இதைக் கேட்கும்போது வயிறு எரியாமல் இராது.

வகுப்பறையில் பிள்ளைகள் தாள்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹீப்ரு கற்பிக்கும் அம்மாள் பெட்டியருகே நின்றார். ஒரு பையன் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். ஒரு பக்கத்தில் அழகாக எழுதிய வேத வாக்கியம். மறு பக்கத்தில் பின்னக் கணக்கு, அதன் மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறிகள்.

"இது எந்தப் பெட்டியில்?" என்று கேட்டான்.

"கெனிஸாவில்" என்றார் அம்மாள்.

"தப்புக் கணக்குமா?"

"அதுவும் சேர்ந்துதான்."

பையன் தாளை நாலாக மடிக்கப் போனான். அப்புறம் என்ன நினைத்தானோ, மடிக்காமலே பெட்டிக்குள் வைத்தான்.